முதலியார்பேட்டைப் பையனுக்கு இடம் எங்கே? அணிகள் பெருகும் காலத்தில் புதுச்சேரி கிரிக்கெட்

முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால், முள்ளோடை தாண்டியதும் தமிழ்நாடு. அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் கடலூர் வந்துவிடும். மொத்தமே 20 கி.மீ. சொச்சம்தான். இரண்டு ஊரிலும் ஒரே வெயில், ஒரே கடற்காற்று, ஒரே மாதிரி மண் மைதானம். ஆனால் கிரிக்கெட் ஆடும் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு, அந்தச் சாலையின் எந்தப் பக்கத்தில் வீடு என்பது இன்று பெரிய விஷயம்.

கடலூர்ப் பையன் ரஞ்சி டிராபி ஆட வேண்டுமென்றால், 7 கோடியே 21 லட்சம் பேர் கொண்ட தமிழ்நாட்டின் ஒரே அணியில் இடம் பிடிக்க வேண்டும். முதலியார்பேட்டைப் பையனுக்கு, 12 லட்சத்து 48 ஆயிரம் பேர் கொண்ட புதுச்சேரியின் அணி இருக்கிறது. இரண்டும் 2011 கணக்கெடுப்பின் எண்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ 58 மடங்கு வித்தியாசம். ஆனால் இரண்டு பக்கமும் களமிறங்குவது 11 பேர்தான்.

கணக்குப்படி பார்த்தால் முதலியார்பேட்டைப் பையன் கொடுத்து வைத்தவன். நடைமுறையில் அப்படியா? புதுச்சேரிக்குத் தனி அணி கிடைத்த 2018 முதல் இந்தக் கேள்வி கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறது. "டீம் நம்ம ஊரு பேர்ல இருக்கு, சரி. ஆடுறது யாரு?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அது வெறும் ஊர்ப்பற்றுக் கேள்வி அல்ல. அணிகளை யார் சேர்க்கிறார்கள், எதற்காகச் சேர்க்கிறார்கள், அதனால் யாருக்கு லாபம் என்பதைப் பற்றிய கேள்வி.

2018-ல் என்ன நடந்தது?

ரஞ்சி டிராபி 1934-35-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று மண்டல வாரியாக நடந்தது. பக்கத்து மாநிலங்கள் தங்களுக்குள் ஆடி, முன்னணியில் வந்தவை அடுத்த சுற்றுக்குப் போகும். 2002-03-ல் அந்த முறை போய், எலீட், பிளேட் என்று இரண்டு தட்டுகள் வந்தன. பக்கத்து ஊர் என்பதற்குப் பதிலாக, பலமான அணியா பலவீனமான அணியா என்பது பிரிப்பதற்கான அளவுகோலானது.

அடுத்த பெரிய மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. லோதா குழுவின் பரிந்துரைகளை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெருமளவு ஏற்றது. கிரிக்கெட் வாரியத்தில் எல்லா மாநிலங்களுக்கும் இடம் வேண்டும் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 2018-19 சீசனில் ஒரே மூச்சில் ஒன்பது அணிகள் சேர்ந்தன: அருணாசலப் பிரதேசம், பீகார், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, சிக்கிம், உத்தராகண்ட், புதுச்சேரி. மொத்தம் 37 அணிகள் ஆயின. அடுத்த ஆண்டு சண்டிகரும் வந்து 38 ஆனது.

அதற்கு முன்பு புதுச்சேரிப் பையன்கள் மேலே போக வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னை லீக் வழிதான். பஸ் ஏறி, சென்னையில் ஒரு கிளப் பிடித்து, அங்கே நிரூபித்து, பிறகு தமிழ்நாட்டுத் தேர்வாளர்கள் கண்ணில் பட வேண்டும். தனி அணி வந்ததும் அந்தச் சுற்றுவழி தேவையில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. துத்திப்பட்டு மைதானம் முதல்தர ஆட்டங்களின் களமானது. நல்ல தொடக்கம்தான்.

அமெரிக்கக் கதை நமக்கு எதுக்கு?

அணிகளைக் கலைத்து அடுக்குவதில் இந்தச் சில ஆண்டுகளில் உலகம் பார்த்த பெரிய கூத்து, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நடந்தது. அங்கே பல்கலைக்கழகங்கள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதுவதற்காக உருவானவை அவை. மேற்குக் கரையின் பேக்-12 கூட்டமைப்பின் வேர் 1915 வரை போகிறது.

2021-ல் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் தங்கள் கூட்டமைப்பை விட்டு எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தன. 2022-ல் லாஸ் ஏஞ்சலீஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், நாட்டின் நடுப்பகுதியில் வேர்விட்ட பிக் டென் கூட்டமைப்புக்குத் தாவின. 2023-ல் ஓரிகனும் வாஷிங்டனும் பின்னாலேயே போயின. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 'அட்லாண்டிக் கரை' என்று பெயரிலேயே வைத்திருக்கும் ஏ.சி.சி.யில் சேர்ந்தன. பேக்-12-ல் கடைசியில் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு மட்டும். 'டென்' என்று பெயர் வைத்த கூட்டமைப்பில் இப்போது 18 உறுப்பினர்கள்.

காரணம் ஒன்றே: தொலைக்காட்சிப் பணம். 2022-ல் பிக் டென் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. டல்லாஸின் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகமோ, ஒன்பது ஆண்டுகள் ஒளிபரப்புப் பங்கே வேண்டாம், உள்ளே விட்டால் போதும் என்று ஒப்புக்கொண்டு ஏ.சி.சி.க்குள் நுழைந்தது. மேல்தட்டில் ஓர் இருக்கைக்கு அவ்வளவு விலை.

இந்தப் பணத்தைக் கொண்டுவருவது அமெரிக்கக் கால்பந்து. ஆனால் விலை கொடுப்பவர்கள் கைப்பந்து, சாஃப்ட்பால் ஆடும் மாணவர்களும்தான். ஒரு லீக் ஆட்டத்துக்காக லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூஜெர்ஸி வரை, கிட்டத்தட்ட 4,000 கி.மீ. பறக்க வேண்டிய நிலை. இதே காலத்தில் மாணவர்கள் கல்லூரி மாறுவதற்கான கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. போன வருடம் ஒரு கல்லூரி, இந்த வருடம் இன்னொன்று என்று ஆடுவது சகஜமாகிவிட்டது. "நம்ம காலேஜ் டீம்" என்பதில் 'நம்ம' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அங்கேயும் கேட்கிறார்கள்.

அங்கே பணம், இங்கே இடம்

புதுச்சேரிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் விரிவாக்கத்தைச் செய்தது சந்தை. இங்கே செய்தது நீதிமன்றம், நோக்கம் சமநீதி. வாரியத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு ஓட்டு என்றால் புதுச்சேரிக்கும் ஒரு ஓட்டு. சின்ன ஊர் என்பதற்காக யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் இருக்கை கொடுப்பது வேறு, அதில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்பது வேறு. முதலாவதை உத்தரவு செய்தது. இரண்டாவதை யாரும் சரியாகச் செய்யவில்லை.

தொடக்கத்திலேயே அது தெரிந்தது. 2018 செப்டம்பரில் விஜய் ஹசாரே டிராபியில் புதுச்சேரி முதன்முதலாகக் களமிறங்கியது. வெளிமாநிலத்தவர் பலர் ஆடியதைப் பற்றிக் கேள்வி எழ, சிலரின் பதிவை வாரியம் திரும்பப் பெற்றது. போட்டி தொடங்கிய பிறகு அணியே மாற வேண்டியிருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே.நாயுடு டிராபி. மணிப்பூருக்கு எதிரான ஆட்டத்தில் புதுச்சேரியின் இடக்கை சுழற்பந்து வீச்சாளர் சிதக் சிங் ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட்டும் எடுத்தார். அபூர்வமான சாதனை. அவர் அதற்கு முன் மும்பைக்கு ஆடியவர். புதுச்சேரியின் முதல் சீசனில் பேசப்பட்ட சாதனையே வெளியூர்க்காரருடையது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முகவரிக்கு இவ்வளவு மவுசு ஏன்?

காரணம் எளிமையான கணக்கு. மும்பை, டெல்லி, தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற இடங்களில் திறமை இருந்தும் இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். அங்கே 30-வது ஆளாக நிற்பவர், சிறிய அணியில் முதல் ஐந்தில் வரலாம்.

வரும்படியையும் பார்க்க வேண்டும். 2021-ல் வாரியம் அறிவித்த உயர்வின்படி, 20 முதல்தர ஆட்டங்கள் வரை ஆடிய சீனியர் வீரருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். 40-க்கு மேல் ஆடியவருக்கு 60,000. ரஞ்சி லீக் ஆட்டம் நான்கு நாள். எலீட் பிரிவில் எட்டு அணிகள் கொண்ட குழுவில் ஏழு ஆட்டம். எல்லாவற்றிலும் களமிறங்கும் புதுமுகத்துக்கே 11 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஒருநாள், டி20 போட்டிகளின் சம்பளம் தனி. ஐ.பி.எல். அணிகளின் ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற கனவு அதற்கும் மேல்.

இதை முதலியார்பேட்டையின் கண்ணால் பார்த்தால்தான் எடை புரியும். கடலூர் சாலையில் இருக்கும் ஏஎஃப்டி மில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2020-ல் அது மூடப்பட்டது. மில் வேலை என்ற நிலையான வழி போன பிறகு வளர்ந்த பையன்களுக்கு, விளையாட்டு ஒரு பிழைப்பு வழியாகவும் தெரிகிறது. அணியில் ஓர் இடம் என்பது ஒரு வீட்டின் கடன் அடைவது. அந்த இடம் வேறொருவருக்குப் போனால் அது வெறும் ஸ்கோர்கார்டு விவகாரம் இல்லை.

விதிப்படி ஒவ்வொரு அணியும் மூன்று வெளிமாநிலத் தொழில்முறை வீரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்த மாநிலத்தில் பிறந்தவர்களாகவோ, குறைந்தது ஓராண்டு அங்கே படித்தவர்கள் அல்லது வேலை பார்த்தவர்களாகவோ இருக்க வேண்டும். இந்த 'ஓராண்டு'தான் சந்து. கல்லூரியில் ஒரு அட்மிஷன், ஒரு வேலைச் சான்றிதழ், ஒரு வாடகை முகவரி இருந்தால் காகிதத்தில் உள்ளூர்க்காரர் ஆகிவிடலாம். இப்படி வெளியூர் ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்ற புகார் பல சீசன்களாகக் கேட்கிறது. சட்டம் அனுமதித்த மூன்று பேரைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. மிச்சமுள்ள எட்டு இடங்களைப் பற்றித்தான் சண்டை.

வெளியூர்க்காரர்களால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பரஸ் டோக்ரா, வினய் குமார் போன்ற அனுபவசாலிகள் புதுச்சேரிக்கு ஆடியிருக்கிறார்கள். நூற்றுக்கு மேல் முதல்தர ஆட்டம் கண்ட ஒருவர் டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தால் இளையவர்கள் கற்பது அதிகம்.

முதல் இரண்டு சீசன் பிளேட் பிரிவில் இருந்த புதுச்சேரி, எலீட் 32 அணிகளாக விரிந்தபோது 2021-22-ல் மேலே வந்தது. 2024 ஜனவரியில் டெல்லியை, டெல்லியின் சொந்த மைதானத்திலேயே 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தவர், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த கௌரவ் யாதவ். ஏழு முறை கோப்பை வென்ற அணியை வீழ்த்திய அந்த நாள் புதுச்சேரிக்குப் பெருமைதான்.

அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். பத்து நாளில் ஒரு ஊர் ரஞ்சி தரத்துக்கு வளர்ந்துவிடாது. முழுக்க உள்ளூர்ப் பையன்களை இறக்கி, கர்நாடகத்திடமும் மும்பையிடமும் இன்னிங்ஸ் தோல்வி வாங்கினால் அவர்களுக்கே மனம் விட்டுப்போகும். பிளேட் பிரிவுக்கு இறங்கினால் நல்ல எதிரணியோடு ஆடும் வாய்ப்பும் போகும். சங்கத் தரப்பின் வாதமாக இதைத்தான் வைக்க முடியும், வலுவான வாதம்தான்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. மேல்தட்டில் நிற்பதற்காக வெளியூர்க்காரர்களைச் சேர்க்கிறோம். உள்ளூர்க்காரர்கள் கற்பதற்காக மேல்தட்டில் நிற்கிறோம். உள்ளூர்க்காரர்களே களத்தில் இல்லையென்றால் கற்பது யார்? பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கொண்டுபோவதால் கவர் டிரைவ் வராது.

இரண்டு பழைய பாடங்கள்

விதர்பா அணி 2017-18-ல் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. அதில் மும்பையின் வாசிம் ஜாஃபர் ஆடினார். பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட்டும் மும்பைக்காரர்தான். ஆனால் சுற்றியிருந்த பெரும்பாலானவர்கள் விதர்பாவின் சொந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள். வெளியூர் அனுபவம் சாந்து, செங்கல் உள்ளூருடையது.

ராஜஸ்தான் 2010-11-ல் பிளேட் பிரிவிலிருந்து வந்தே கோப்பையை எடுத்தது. கீழ்த்தட்டில் இருப்பது ஆயுள் தண்டனை இல்லை என்பதற்கு அது சாட்சி. "எலீட்டை விட்டு இறங்கினா எல்லாம் போச்சு" என்ற பயத்தில் மட்டுமே ஓர் அணியை அமைக்க வேண்டியதில்லை.

கல்லூரிகள் எங்கே போயின?

அமெரிக்கக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அங்கே ஆட்டக்காரர் உருவாவது கல்லூரியில். நமக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நான்கு மண்டலங்களாகப் பிரித்து நடத்துகிறது. முன்னணியில் வரும் அணிகள் அகில இந்தியச் சுற்றுக்குப் போகின்றன. கிரிக்கெட்டில் ரோஹின்டன் பாரியா டிராபி 1930-களிலிருந்தே நடப்பது. ஒரு காலத்தில் இந்திய அணிக்குப் போகும் படிக்கட்டாகவே அது இருந்தது.

1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் தெற்கு மண்டலத்தில் ஆடுகிறது. கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு எல்லாம் கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களோடு மோத வேண்டும். புதுச்சேரியின் நல்ல பையனையே அவை அழைத்துக்கொண்டு போய்விடலாம். ஆக, கல்லூரி அட்மிஷன் என்பது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உள்ளூர்ப் பையனை வெளியே கொண்டுபோகும் வாசலும் அதுதான். வெளியூர்ப் பையனை உள்ளூர்க்காரர் ஆக்கும் வாசலும் அதுதான். கல்லூரிக்கு ஒழுங்காக வந்து, அந்தக் கல்லூரிக்காகவும் ஆடுகிறாரா என்று பார்க்க யாராவது இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

புதுச்சேரியே நான்கு துண்டு

இன்னொரு விஷயம் அடிக்கடி மறந்துபோகிறது. புதுச்சேரி என்பது ஓர் ஊர் மட்டும் அல்ல. காரைக்கால் சுமார் 130 கி.மீ. தெற்கே. மாஹே கேரளக் கரையில், 600 கி.மீ.க்கும் மேல். ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரிப் பக்கம், 800 கி.மீ.க்கும் மேல். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி. 'அட்லாண்டிக்' கூட்டமைப்பில் கலிஃபோர்னியாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள், ஒரே அணிக்குள் வங்கக் கடலும் அரபிக் கடலும் இருக்கும் நம் கதையையும் பார்க்கலாம்.

மாஹேப் பையனுக்குப் பத்து கி.மீ.க்குள் தலச்சேரி. இந்தியாவின் பழைய கிரிக்கெட் ஊர்களில் ஒன்று. அவன் ஆடிப் பழகுவது அங்கேயுள்ள பையன்களோடு. புதுச்சேரி அணிக்குத் தேர்வு என்றால் ராத்திரி முழுக்க ரயிலிலோ பஸ்ஸிலோ வர வேண்டும். ஒரு நாள் தேர்வு, இரண்டு நாள் பயணம். அந்தச் செலவைச் சமாளிக்க முடியாதவன் வராமலே இருந்துவிடுவான். யாரும் அவனை நீக்கவில்லை; ஆனாலும் அவன் பட்டியலில் இல்லை. 12 லட்சம் பேரிலிருந்து ஆள் எடுக்கும் அணிக்கு அந்த இழப்பு பெரிது.

என்ன செய்யலாம்?

முதலாவது, வெளிப்படைத்தன்மை. சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வயதுப் பிரிவு அணிக்கும், யார் எந்த அடிப்படையில் தகுதி பெற்றார் என்பதைச் சங்கம் வெளியிட வேண்டும். பிறப்பா, படிப்பா, வேலையா, தொழில்முறை ஒப்பந்தமா? முகவரியும் ஆதார் எண்ணும் யாருக்கும் வேண்டாம். அடிப்படை மட்டும் தெரிந்தால் போதும். ஒளிக்க எதுவும் இல்லையென்றால் இதில் நஷ்டமும் இல்லை. புகார் பொய்யென்றால் அதுவும் அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓராண்டு விதியை வாரியமே சோதிக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்த நிறுவனத்திடமே போய் "இவர் இங்கே இருந்தாரா?" என்று கேட்பதை விட்டு, வருகைப் பதிவேடு, உள்ளூர் லீக்கில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க இங்கே இருந்தவர் உள்ளூர் லீக்கில் சில ஆட்டமாவது ஆடியிருப்பார் இல்லையா?

மூன்றாவது, வயதுப் பிரிவுகளில் கறாராக இருக்கலாம். சீனியர் அணியில் மூன்று தொழில்முறை வீரர்கள் இருக்கட்டும். 16, 19 வயதுப் பிரிவுகளில், புதுச்சேரிப் பள்ளிகளில் சில ஆண்டுகளாவது தொடர்ந்து படித்தவர்களுக்கே முதல் உரிமை என்று சங்கம் தானாகவே விதி வைத்துக்கொள்ளலாம். தோற்றாலும் பரவாயில்லை. அந்தத் தோல்விகளுக்குப் பயன் உண்டு. ஐந்து வருடம் கழித்துத் தெரியும்.

நான்காவது, தேர்வாளர்கள் பயணம் செய்யட்டும். மாஹேவுக்கும் ஏனாமுக்கும் காரைக்காலுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை தேர்வாளர்கள் போவது, நூறு பையன்கள் புதுச்சேரிக்கு வருவதைவிட மலிவு.

2018-ல் புதுச்சேரி கேட்டது ஓர் அணியை. அது கிடைத்துவிட்டது. இன்று கேட்க வேண்டியது அடுத்த கேள்வி: இந்த அணி 2035-லும் மூன்று மாநிலங்களிலிருந்து ஆள் தேடிக்கொண்டிருக்குமா, இல்லை துத்திப்பட்டில் களமிறங்கும் 11 பேரில் ஆறேழு பேர் அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் காரைக்காலிலும் பள்ளிக்கூடம் போனவர்களாக இருப்பார்களா? அதற்கான பதிலை அடுத்த ரஞ்சி சீசனின் புள்ளிப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. இந்த வருடத்து 16 வயதுக்குட்பட்டோர் தேர்வுப் பட்டியலில் தேட வேண்டும்.